விளையும் பயிர் முளையிலே தெரியுமா?



"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று எங்கள் முன்னோர் சொல்லிவைத்தார்கள். ஒரு பிள்ளையின் இன்றைய போக்கைப் பார்த்து, அது நாளைக்கு என்னவாக வரும் என்று சொல்லிவிடலாம் என்கிற நம்பிக்கை அந்தப் பழமொழிக்குள் இருக்கிறது. இந்த நம்பிக்கையையே தொழிலாகச் செய்து சம்பளம் வாங்குகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் விளையாடுகிற மைதானங்களின் ஓரத்தில், கையில் குறிப்புப் புத்தகத்தோடு நின்று, இவர்களில் யார் பத்து வருடத்துக்குப் பிறகு பெரிய வீரர் என்று எதிர்வுகூறுவதே அவர்களின் வேலை. அமெரிக்காவின் பேஸ்போல் உலகத்தில் இது ஒரு பெரிய தொழில். எந்த அணி எந்த இளைஞரை எடுக்கும் என்று ஆண்டுதோறும் முன்கூட்டியே பட்டியல் போட்டு வெளியிடுவோரும் அங்கே உண்டு.

இந்த மாத உரையில் அந்தத் தெரிவுமுறையின் வரலாற்றையும், அதேபோன்ற தெரிவுகள் நாங்கள் வாழும் ஜேர்மனியில் எப்படி நடந்தன என்பதையும் பார்ப்போம். விளையாட்டில் அக்கறை இல்லாத நேயர்களும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இந்தக் கதை கடைசியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத்தான் வந்து சேர்கிறது.

அமெரிக்காவில் தொடங்கிய தெரிவு

பேஸ்போல் எங்களுக்கு அந்நியமான விளையாட்டுப் போலத் தோன்றினாலும், ஊரில் பாடசாலை மைதானங்களில் எல்லே விளையாடியவர்களுக்கு அதன் அடிப்படை உடனே பிடிபடும். ஒருவர் எறிய, மற்றவர் தடியால் அடித்துவிட்டு, குறிக்கப்பட்ட இடங்களைத் தொட்டு ஓடி வரவேண்டும். அமெரிக்காவில் இதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொழில்முறை வரலாறு உண்டு.

1965க்கு முன்னர், பணமுள்ள கழகங்கள் நல்ல இளைஞர்களை விலைபேசி வாங்கிக்கொண்டன. 1964இல் றிக் றைக்கார்ட் என்ற இளைஞருக்கு ஒரு கழகம் 205,000 டொலர் கொடுத்தது. அந்தக் காலத்தில் அது பிரமாண்டமான தொகை. இப்படியே போனால் செலவு கட்டுக்கடங்காது என்று கழக உரிமையாளர்கள் பயந்தார்கள். அதன் விளைவாக 1965 ஜூன் மாதம் முதலாவது வீரர் தெரிவு, அதாவது 'டிராப்ற்', நடந்தது. அன்றைய விதியின்படி, முந்திய ஆண்டில் கடைசியாக வந்த அணி முதலில் தெரிவு செய்தது. சிறந்த அணி கடைசியில் தெரிவு செய்தது. எடுக்கப்பட்ட இளைஞர் அந்த ஒரு கழகத்தோடுதான் பேச்சுவார்த்தை நடத்தலாம். மெலிந்த அணிக்கு முதல் வாய்ப்பு என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் விலையைக் கட்டுப்படுத்துவதும் அதன் நோக்கமாக இருந்தது என்பதை மறக்கக்கூடாது.

அந்த முதலாவது ஆண்டிலேயே எதிர்வுகூறலின் சிக்கல் வெளிப்பட்டுவிட்டது. முதலாவதாக எடுக்கப்பட்டவர் றிக் மண்டே. அவர் நல்ல வீரராகத்தான் வந்தார். ஆனால் அதே தெரிவில் 295ஆவது இடத்தில், பன்னிரண்டாவது சுற்றில், ஒரு மெலிந்த ரெக்சாஸ் பையனையும் எடுத்தார்கள். அவர் பெயர் நோலன் றயன். பின்னாளில் 5,714 துடுப்பாட்டக்காரர்களை 'ஸ்ட்ரைக் அவுட்' முறையில் வெளியேற்றி, இன்றுவரை எவரும் நெருங்க முடியாத சாதனையை வைத்திருப்பவர் அவர்தான். அவருக்கு முன்னால் 294 பெயர்கள் வாசிக்கப்பட்டன.

அடுத்த ஆண்டு, 1966இல், நியூயோர்க் மெற்ஸ் கழகம் முதலாவதாக ஸ்டீவ் சில்கொற் என்பவரை எடுத்தது. காயங்கள் காரணமாக அவர் ஒருநாள்கூட முதன்மை லீக்கில் விளையாடவில்லை. இரண்டாவதாக எடுக்கப்பட்ட றெஜி ஜக்சன், விளையாட்டின் புகழ்பெற்ற பெயர்களில் ஒன்றாக ஆனார். 1988இல் மைக் பியாசா என்பவரை 62ஆவது சுற்றில், 1,390ஆவது ஆளாக எடுத்தார்கள். அதுவும் குடும்ப நண்பரான ஒரு பயிற்றுநர் சொன்னதற்காகச் செய்த உபகாரம். அவர் 2016இல் பேஸ்போலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

எப்படி எதிர்வுகூறுகிறார்கள்?

திறமை தேடுவோர் ஓர் இளைஞரிடம் ஐந்து விடயங்களைப் பார்க்கிறார்கள்: பந்தைச் சரியாக அடித்தல், பலமாக அடித்தல், ஓட்டம், பந்தைத் தடுத்தல், எறியும் கை. ஒவ்வொன்றுக்கும் 20இலிருந்து 80 வரை புள்ளி. 50 என்றால் முதன்மை லீக்கின் சராசரி. இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு என்று இரண்டு எண்கள் எழுதவேண்டும். முதலாவது எண் கண்ணால் கண்டது. இரண்டாவது எண் ஊகம். எல்லாச் சண்டையும் அந்த இரண்டாவது எண்ணைப் பற்றியதுதான்.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். எந்த இளைஞர் பெரிய வீரராக வருவார் என்பது ஒரு கேள்வி. எந்தக் கழகம் எவரை எடுக்கும் என்பது வேறு கேள்வி. பத்திரிகைக்காரர் போடும் பட்டியல்கள் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லப் பார்க்கின்றன. அவர்கள் கழகத்தின் பழைய தெரிவுகளைப் பார்ப்பார்கள். கழகத்தின் முக்கியஸ்தர் எந்த மைதானத்துக்குப் போனார் என்று விசாரிப்பார்கள். ஆனால் மேலே ஒரு கழகம் எதிர்பாராத ஒருவரை எடுத்துவிட்டால், கீழே உள்ள பட்டியல் முழுவதும் சீட்டுக்கட்டு வீடு போலச் சரிந்துவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் 2012. அந்த ஆண்டில் முதல் இடம் ஹியூஸ்ரன் கழகத்துக்கு. பல எதிர்வுகூறல்களில் மார்க் அப்பெல் என்ற பல்கலைக்கழக மாணவரின் பெயரே இருந்தது. கழகமோ கார்லொஸ் கொறேயா என்ற புவேர்ட்டோ றிக்கோ இளைஞரை எடுத்தது. காரணம் திறமை மட்டுமல்ல. அந்த ஆண்டு வந்த புதிய விதியின்படி ஒவ்வொரு கழகத்துக்கும் மொத்தச் செலவுக்கு ஓர் எல்லை இருந்தது. முதல் இடத்துக்கு 7.2 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டிருக்க, கொறேயா 4.8 மில்லியனுக்கு ஒப்பந்தமானார். மிச்சம்பிடித்த பணத்தைக்கொண்டு பின்னால் இன்னொரு நல்ல இளைஞரையும் ஹியூஸ்ரன் பிடித்துக்கொண்டது. அப்பெல் எட்டாவது இடத்துக்குத் தள்ளப்பட்டு, ஒப்பந்தத்தை மறுத்து மீண்டும் படிக்கப் போனார். மறுவருடம் 2013இல் அதே ஹியூஸ்ரன் அவரை முதலாவதாக எடுத்தது. ஆனால் அவர் முதன்மை லீக்கில் முதன்முறை பந்தெறிந்தது 2022இல்தான், அதுவும் வேறு கழகத்துக்காக. கொறேயா 2015இலேயே ஆண்டின் சிறந்த புதுமுகமாகத் தெரிவானவர்.

எடுபட்டவரின் பாரம்

எதிர்வுகூறப்பட்ட பிள்ளையின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கவேண்டும். 1980இல் பில்லி பீன் என்ற கலிபோர்னியா இளைஞரைப் பார்த்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். உயரம், வேகம், பலம், அழகு, படிப்பு எல்லாம் இருந்தது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் வாசல் திறந்திருந்தது. அதை விட்டுவிட்டு, முதலாவது சுற்றில் 23ஆவது ஆளாக மெற்ஸ் கழகத்தில் சேர்ந்தார். வீரராக அவர் எடுபடவில்லை. சராசரி .219 மட்டுமே. ஒவ்வொரு தோல்வியும் அவரை உடைத்தது என்று பின்னர் எழுதப்பட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1997இல் ஒக்லாண்ட் கழகத்தின் பொறுப்பாளரான பீன், தன்னைத் தெரிந்தெடுத்த முறையையே கேள்வி கேட்டார். தோற்றத்தைப் பார்க்காமல், இளைஞர் உண்மையில் விளையாடி எடுத்த எண்களைப் பாருங்கள் என்றார். இந்தச் சிந்தனைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் பில் ஜேம்ஸ் என்ற புள்ளிவிபர எழுத்தாளர். பல்கலைக்கழகத்தில் விளையாடியவர்களை எடுப்பது, உயர்பள்ளிப் பையன்களை எடுப்பதைவிட அதிக பலன் தந்தது என்று 1980களின் நடுப்பகுதியிலேயே அவர் கணக்குப்போட்டுக் காட்டியிருந்தார். காரணம் எளிமையானது. வயது மூன்று கூடினால், ஊகம் மூன்று வருடம் குறைகிறது. குறைந்த பணத்தோடு 2002இல் ஒக்லாண்ட் தொடர்ச்சியாக 20 ஆட்டங்களை வென்றது. 2003இல் வெளியான 'மணிபோல்' என்ற புத்தகம் இந்தக் கதையை உலகமெங்கும் கொண்டுபோனது.

கிழக்கு ஜேர்மனியின் அளவுகோல்

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். எங்களில் முதல் தலைமுறையினர் பலர் 1980களின் முற்பகுதியில் கிழக்கு பேர்லினின் ஷோன்பெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கு பேர்லினுக்கு வந்தவர்கள். நாங்கள் சில மணித்தியாலங்களில் கடந்துபோன அந்தக் கிழக்கு ஜேர்மனியில், உலகமே கண்டிராத அளவுக்கு ஒரு பிள்ளைத் தெரிவு நடந்துகொண்டிருந்தது.

1973இலிருந்து அங்கே நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான திறமை தேடும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் உயரம், நிறை, ஓட்டம், பாய்ச்சல், எறிதல் எல்லாம் அளக்கப்பட்டன. வளர்ந்தபின் எவ்வளவு உயரம் வருவார்கள் என்று கணிக்கப்பட்டது. கைகால் நீளமானவர் படகோட்டத்துக்கு, வளையக்கூடியவர் ஜிம்னாஸ்டிக்குக்கு என்று பிரிக்கப்பட்டு, தகுதியானவர்கள் சிறப்பு விளையாட்டுப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பெறுபேறு உலகத்தையே அதிசயிக்க வைத்தது. 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில், 17 மில்லியனுக்கும் குறைந்த சனத்தொகை கொண்ட அந்த நாடு 40 தங்கப் பதக்கங்களை வென்று, அமெரிக்காவையும் பின்தள்ளியது.

இந்த வெற்றிக்கு வேறொரு பக்கமும் இருந்தது. 1974இல் தொடங்கிய அரச ஊக்கமருந்துத் திட்டத்தின்கீழ், வயது வராத பிள்ளைகளுக்குக்கூட என்ன மருந்து என்று சொல்லாமலே கொடுக்கப்பட்டது. பலர் இன்றும் அதன் நோயோடு வாழ்கிறார்கள். ஆகவே எந்த அளவுக்கு அளவுகோல் வென்றது, எந்த அளவுக்கு மருந்து வென்றது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். 1969இல் எடுக்கப்பட்ட ஒரு கட்சித் தீர்மானத்தின்படி, பதக்கம் அதிகம் தராத விளையாட்டுக்களுக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டது. அவற்றில் கூடைப்பந்தாட்டமும் ஒன்று. ஒரு குழுவாக உழைத்துக் கிடைப்பது ஒரே ஒரு பதக்கம்தானே என்பது கணக்கு. அந்த நாட்டில் மிக உயரமான ஒரு பையன் பிறந்திருந்தால், அவன் கையில் பந்துக்குப் பதிலாகத் துடுப்பைத்தான் கொடுத்திருப்பார்கள்.

வூர்ஸ்பூர்க்கின் உயரமான பையன்

அப்படியொரு பையன் எல்லைக்கு இந்தப் பக்கம், பவேரியாவின் வூர்ஸ்பூர்க்கில், 1978இல் பிறந்தார். பெயர் டேர்க் நொவிற்ஸ்கி. தாயார் கூடைப்பந்தாட்ட வீராங்கனை, தந்தையார் கைப்பந்தாட்ட வீரர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜேர்மனிய கூடைப்பந்தாட்ட அணிக்குத் தலைமைதாங்கிய ஹோல்கர் கெஷ்விண்ட்னர், இந்தப் பையனைப் பதின்ம வயதில் கண்டு, தானே பயிற்சி கொடுக்க முன்வந்தார். அவருடைய முறை வழமையானதாக இருக்கவில்லை. பந்து எந்தக் கோணத்தில் போனால் வளையத்துக்குள் விழும் என்று பௌதிகவியலைக்கொண்டு கணித்தார். இசையும் வாசிப்பும் பயிற்சியின் பகுதியாக இருந்தன.

அப்போது நொவிற்ஸ்கி விளையாடியது இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்றில். அமெரிக்காவில் அவரைத் தெரிந்தவர்கள் வெகு சிலரே. 1998 மார்ச்சில் ரெக்சாஸின் சான் அன்ரோனியோ நகரில் அமெரிக்க இளைஞர் அணிக்கும் உலக இளைஞர் அணிக்கும் நடந்த ஆட்டத்தில் அவர் 33 புள்ளிகளை எடுத்தார். ஒரே இரவில் எல்லா எதிர்வுகூறல்களும் மாறின.

ஆனாலும் தயக்கம் இருந்தது. ஐரோப்பியர், ஒல்லியானவர், இரண்டாம் பிரிவு என்று பல காரணங்கள். அந்த ஆண்டு ஜூனில் நடந்த தெரிவில் அவர் ஒன்பதாவது. எடுத்தது மில்வாக்கி, உடனேயே டலாஸ் கழகத்துக்கு மாற்றிக்கொடுத்தது. மாற்றாகப் பெற்ற ஆறாம் இடத்து வீரர் பெரிதாக எழவில்லை. நொவிற்ஸ்கியின் முதலாவது பருவமும் சுமார்தான், ஆட்டத்துக்கு 8.2 புள்ளிகள். தவறான ஆளை எடுத்துவிட்டார்கள் என்று பலர் சொன்னார்கள். டலாஸ் பொறுத்திருந்தது. 2007இல் லீக்கின் மிகச்சிறந்த வீரர், 2011இல் சம்பியன், ஒரே கழகத்தில் 21 பருவங்கள், மொத்தம் 31,560 புள்ளிகள்.

கண்டுபிடித்தவரின் கண் கூர்மையானது என்பது உண்மை. ஆனால் எடுத்தபின் காத்திருக்க ஒருவர் இல்லாவிட்டால் அந்தக் கண்ணால் பிரயோசனம் இருந்திருக்காது.

பேர்லினிலிருந்து மினசோற்றாவுக்கு

பேஸ்போலும் ஜேர்மனிக்கு முற்றிலும் புதியதல்ல. 1936 பேர்லின் ஒலிம்பிக்கின்போது இரண்டு அமெரிக்க அணிகள் ஒலிம்பிக் மைதானத்தில் ஒரு காட்சி ஆட்டம் ஆடின. தொண்ணூறாயிரம் பேருக்குக் குறையாமல் பார்த்ததாகக் கணக்கிடப்படுகிறது. போருக்குப் பிறகு அமெரிக்கப் படைமுகாம்கள் இருந்த தென்பகுதி நகரங்களில் இது பரவியது. மன்ஹைம் ரொர்னாடோஸ் கழகம் 1975இல் தொடங்கியது. றேகன்ஸ்பூர்க் கழகம் 1987இல் தொடங்கி, பின்னர் இளைஞர்களுக்கான பயிற்சியகத்தையும் நடத்தியது.

அந்தப் பயிற்சியகத்துக்குப் போனவர்களில் ஒருவர்தான் 1993இல் பேர்லினில் பிறந்த மக்ஸ் கெப்ளர். தாயார் அமெரிக்கர், தந்தையார் போலந்துக்காரர், இருவரும் பாலே நடனக் கலைஞர்கள். அமெரிக்கத் தெரிவுமுறையில் ஜேர்மனியப் பிள்ளைகள் சேரமாட்டார்கள். அது அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ றிக்கோ போன்ற இடங்களின் பிள்ளைகளுக்கு மட்டும். மற்ற நாட்டவரோடு கழகங்கள் பதினாறு வயதிலேயே நேரடியாக ஒப்பந்தம் செய்யலாம். அப்படி 2009 ஜூலையில் மினசோற்றா ட்வின்ஸ் கழகம் கெப்ளரோடு 800,000 டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. ஐரோப்பிய இளைஞருக்கு அதுவரை கேள்விப்படாத தொகை.

அதே 2009இன் தெரிவில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மைக் ட்றவுட் என்ற இளைஞர் 25ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். பின்னர் மூன்று தடவை மிகச்சிறந்த வீரர் விருது வென்றவர் அவர். ஏன் 24 இடங்கள் கீழே போனார்? அவர் நியூஜேர்சி மாநிலத்துப் பையன். குளிர்ப் பிரதேசம், பருவம் குறுகியது, வலுவான எதிரணிகள் குறைவு. தேடுவோருக்கு அவரைப் பார்க்கவும் மதிப்பிடவும் கிடைத்த நாட்கள் குறைவு. தேடுபவர் போகாத இடத்தில் இருக்கும் திறமைக்குப் புள்ளி போட எவரும் இல்லை. றேகன்ஸ்பூர்க்கிலும் அதே நிலைதான்.

கெப்ளருக்கு முன்னரே, ஜேர்மனியின் பிறீட்பேர்க்கில் வளர்ந்த டொனால்ட் லுற்ஸ், 2013இல் சின்சினாற்றி கழகத்துக்காக முதன்மை லீக்கில் இறங்கி வழிதிறந்தார். கெப்ளர் சிறு லீக்குகளில் ஆறு ஆண்டுகள் உழைத்து, 2015 செப்ரெம்பரில் முதன்மை லீக்கை அடைந்தார். 2019இல் 36 ஹோம் ரன்கள் அடித்து, ஐரோப்பாவில் பிறந்த ஒருவர் ஒரு பருவத்தில் அடித்த ஆகக்கூடிய எண்ணிக்கை என்ற சாதனையைப் படைத்தார்.

இந்தியாவிலும் ஒருமுறை இப்படித் தேடினார்கள். 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டி மூலம், பேஸ்போல் பந்தையே தொட்டிராத இளைஞர்களின் எறியும் வேகத்தை மட்டும் அளந்தார்கள். றிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற உத்தரப்பிரதேச இளைஞர்கள் இருவர் பிற்ஸ்பேர்க் கழகத்தில் ஒப்பந்தமானார்கள். சிறு லீக்குகளில் விளையாடினார்களே தவிர முதன்மை லீக்கை எட்டவில்லை. கையின் வேகத்தை ஒருநாளில் அளக்கலாம். சிறுவயது முதல் விளையாடிப் பழகிய அறிவை ஒருநாளில் கொடுக்க முடியாது.

பிறந்த மாதமும் பின்கதவும்

ஜேர்மனியில் மிகப்பெரிய பிள்ளைத் தெரிவு நடப்பது உதைபந்தாட்டத்தில்தான். எங்கள் பிள்ளைகள் பலரும் அந்த வரிசையில் நின்றவர்கள். 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் ஜேர்மனி ஒரே ஒரு புள்ளியோடு முதற்சுற்றில் வெளியேறியது. அந்த அவமானத்துக்குப் பிறகு, புண்டஸ்லீகாக் கழகங்கள் எல்லாம் இளைஞர் பயிற்சி மையம் நடத்தியே ஆகவேண்டும் என்று விதி வந்தது. 2002இலிருந்து நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான பயிற்சித் தளங்கள் அமைக்கப்பட்டு, கிராமத்துப் பிள்ளைகளையும் தேடிப்போனார்கள். அந்த முயற்சியில் வளர்ந்த தலைமுறை 2014இல் உலகக் கிண்ணத்தை வென்றது.

ஆனால் இந்தத் தெரிவுகளிலும் ஒரு பழைய கோளாறு இருக்கிறது. 1985இல் கனடாவில் றொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர், பனி ஹொக்கி இளைஞர் அணிகளில் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு அதிகமாக இருப்பதை எடுத்துக்காட்டினார். வயதுப் பிரிவு ஜனவரி முதலாம் திகதி தொடங்குவதால், ஜனவரியில் பிறந்த பிள்ளை டிசெம்பரில் பிறந்த பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தது. பத்து வயதில் அது பெரிய வித்தியாசம். உயரமாக, பலமாக இருக்கிற பிள்ளையைத் திறமைசாலி என்று எடுக்கிறார்கள். எடுத்தபின் நல்ல பயிற்சி கொடுக்கிறார்கள். பயிற்சியால் அது உண்மையிலேயே திறமைசாலியாகிவிடுகிறது. தெரிவு சரியென்று தெரிவாளரும் நம்புகிறார். ஜேர்மனிய இளைஞர் உதைபந்தாட்டத்திலும் இதே போக்கு ஆய்வுகளில் காணப்பட்டது.

இந்தச் சல்லடையில் அகப்படாத ஒருவரின் பெயர் மிறோஸ்லாவ் குளோசெ. போலந்தில் பிறந்து, எட்டு வயதளவில் குடும்பத்தோடு ஜேர்மனிக்கு வந்தபோது அவருக்கு டொச் மொழி தெரியாது. தச்சுத்தொழில் பயின்றார். இருபது வயது வரை கீழ்ப்பிரிவுக் கிராமக் கழகம் ஒன்றிலேயே விளையாடினார். எந்தப் பெரிய கழகத்தின் இளைஞர் பட்டியலிலும் அவர் பெயர் இருக்கவில்லை. அவர்தான் உலகக் கிண்ணப் போட்டிகளில் மொத்தம் 16 கோல்கள் அடித்து, 2014இல் உலக சாதனை படைத்தார். முன்கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஆனால் கீழ்ப்பிரிவிலிருந்து மேலே வர ஒரு படி இருந்தது, அந்தப் படி இருபது வயதிலும் மூடப்படவில்லை.

பத்து வயதில் நடக்கும் தெரிவு

இப்போது சாப்பாட்டு மேசைக்கு வருவோம். இந்த நாட்டில் எங்கள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தெரிவைச் சந்திக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்பு முடிவில், பத்து வயதளவில், பிள்ளை கிம்னாசியம் போகுமா, றியால்சூலே போகுமா, வேறு பாடசாலைக்குப் போகுமா என்று ஆசிரியர்கள் பரிந்துரை எழுதுகிறார்கள். பேர்லினிலும் பிராண்டன்பூர்க்கிலும் ஆரம்பப் பாடசாலை ஆறு ஆண்டுகள். பவேரியாவில் டொச், கணிதம், சூழல் பாடம் மூன்றிலும் சராசரி 2.33 அல்லது அதைவிட நல்லதாக இருந்தால் கிம்னாசியத்துக்குத் தகுதி. சில மாநிலங்களில் பெற்றோரின் சொல்லே முடிவு. பேஸ்போல் கழகங்கள் பதினெட்டு வயதில் செய்யத் தடுமாறுகிற வேலையை இங்கே பத்து வயதில் செய்கிறார்கள்.

2001 டிசெம்பரில் வெளியான முதலாவது பீசா ஆய்வு, ஜேர்மனியில் பிள்ளையின் பெறுபேறு பெற்றோரின் நிலையோடு மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதைக் காட்டி நாட்டை உலுக்கியது. ஆரம்பப் பாடசாலை வாசிப்பு பற்றிய ஆய்வுகள், ஒரே அளவு வாசிப்புத் திறன் உள்ள பிள்ளைகளிலும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கே கிம்னாசியப் பரிந்துரை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று காட்டின. 2006இல் ஜேர்மனிக்கு வந்த ஐ.நா. கல்வி உரிமை அறிக்கையாளர் வெர்னோர் முனோஸ், இவ்வளவு இளவயதில் பிரிப்பதைக் கண்டித்தார். ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களும் தேடுவோரைப்போல இன்றைய எண்ணைப் பார்த்து நாளைய எண்ணை எழுதவேண்டிய நிலையில் இருக்கிறார்கள். வீட்டில் டொச் பேசாத பிள்ளையின் நாளைய எண்ணைப் பத்து வயதில் குறைத்து எழுதிவிடுவது சுலபம்.

தெரிவு என்ற சொல்லின் கனம் எங்கள் சமூகத்துக்குப் புதிதல்ல. 1970களில் தரப்படுத்தல் வந்தபோது, ஒரே பல்கலைக்கழகத்துக்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வெட்டுப்புள்ளி என்பதை அனுபவித்த தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாங்கள். அந்த அனுபவத்தால்தானோ என்னவோ, பரிந்துரைக் கடிதம் வருகிற நாளை எங்கள் வீடுகளில் தீர்ப்பு நாளாக ஆக்கிவிடுகிறோம். கிம்னாசியம் கிடைத்த பிள்ளையை ஊரெல்லாம் சொல்லிக் கொண்டாடுகிறோம். கிடைக்காத பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறோம். அந்தப் பிள்ளை நோலன் றயனா இல்லையா என்று எங்களுக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கு எங்கள் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் பிள்ளைக்குத் தெரியும். கிடைத்த பிள்ளையும் பில்லி பீன் சுமந்த பாரத்தைச் சுமக்கக்கூடும்.

இந்த வரலாறு முழுவதும் ஒன்றைத்தான் சொல்கிறது. எவ்வளவு பணம், எவ்வளவு அறிவு, எவ்வளவு அளவுகோல் இருந்தாலும், இளவயதில் செய்யும் எதிர்வுகூறல் பல தடவை பிழைக்கும். ஆகவே ஒரு தெரிவுமுறையை மதிப்பிடும்போது, அது எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று கேட்பதோடு, அது பிழைத்தால் திருத்த வழி உண்டா என்றும் கேட்கவேண்டும். ஜேர்மனியில் அந்த வழிகள் உண்டு. றியால்சூலே முடித்துப் பாக்ஓபர்சூலே ஊடாக உயர்கல்விக்குப் போகலாம். வேலை செய்துகொண்டே மாலைநேரக் கிம்னாசியத்தில் அபிற்றூர் எடுக்கலாம். தொழில் பயின்று மைஸ்ரர் பட்டம் பெற்றவர், 2009ஆம் ஆண்டின் கல்வி அமைச்சர்கள் மாநாட்டுத் தீர்மானத்தின்படி, அபிற்றூர் இல்லாமலே பல்கலைக்கழகத்தில் சேரலாம். இவற்றைப் பற்றி நாலாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்கு முன்பே தெரிந்துவைத்திருங்கள். ஆசிரியரிடம் போய் "ஏன் இந்தப் பரிந்துரை?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மொழி தடையென்றால், இங்கே படித்த மூத்த பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் இப்போது எங்கள் ஊர்களிலெல்லாம் இருக்கிறார்கள்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பாதி உண்மை. முளையைப் பார்த்த உடனே வயலை விட்டுப்போன கமக்காரர் எவரும் எங்கள் ஊரில் இருக்கவில்லை. தண்ணீர் கட்டினார்கள், களை பிடுங்கினார்கள், பிந்தி முளைத்ததையும் சேர்த்தே அறுவடை செய்தார்கள்.